மூளை ஸ்கேன் மனசை வாசிக்குமா? எஃப்.எம்.ஆர்.ஐ, தலைப்பட்டை, தனியுரிமை

#1 கேள்விக்கொக்கி

அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஒருத்தரை ஸ்கேன் மெஷின்ல படுக்க வெச்சு, அவர் மனசுக்குள்ள சொல்லிக்கிட்ட கதையை வாக்கியமா எழுதிட்டாங்கன்னு ஒரு வீடியோ சுத்துது. இன்னொரு பக்கம் தியானத்துக்கு, தூக்கத்துக்குன்னு சொல்லி ஆன்லைன்ல தலைப்பட்டை விக்கிறாங்க. அதுவும் மூளை அலையைத்தான் எடுக்குதாம். ரெண்டும் ஒண்ணா? நமக்கே தெரியாம மனசைப் படிக்க முடியுமா? தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ சிடியை வெச்சு எவனாவது ஏதாவது பண்ண முடியுமா? விஷயம் தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க. "பயப்படாதே", "பயப்படு"ன்னு ஒத்தை வரியில வேண்டாம்.

#2 காந்தக்குழாய்

ரெண்டும் ஒண்ணு இல்லை. முதல்ல டெக்சாஸ் கதை.

அங்கே ஓடினது எஃப்.எம்.ஆர்.ஐ, அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுக்கிற எம்.ஆர்.ஐ. அது எண்ணத்தை அளக்கிறதே இல்லை. அது அளப்பது ரத்தத்தை. ஒரு இடத்துல நரம்பணுக்கள் வேலை செஞ்சா அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தேவைக்கு மேலேயே பாயும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத் தன்மை உண்டு, ஆக்சிஜன் உள்ளதுக்குக் கிடையாது. அந்த வித்தியாசத்தை 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார், இன்னைக்கும் எல்லாம் அதன் மேலதான் ஓடுது. 3 டெஸ்லா காந்த பலமுள்ள மெஷின்ல இந்த மாற்றம் சில சதவீதம்தான். ஒரு வோக்சல், அதாவது பிம்பத்தின் மிகச் சின்னப் பெட்டி, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனசதுரம், அதுக்குள்ள லட்சக்கணக்கான நரம்பணுக்கள். உச்சம் வர 4 முதல் 6 விநாடி, ஏறி இறங்க 10 விநாடி போல ஆகும். பேச்சு விநாடிக்கு ரெண்டு சொல்லுக்கு மேல ஓடும். அப்போ ஒரே பிம்பத்துல இருபது சொல்லாவது குழைஞ்சு கிடக்கும். சாம்பாரைப் பார்த்து எந்தக் காய் எப்போ போட்டாங்கன்னு சொல்ற மாதிரி வேலை.

ஜெர்ரி டாங், அலெக்சாண்டர் ஹூத் குழு 2023-ல் இதைத் தாண்டிய விதம் சாமர்த்தியமானது. மூளையிலிருந்து சொல்லை உருவலை, தலைகீழாப் போனாங்க. ஒவ்வொருத்தரையும் 16 மணி நேரம் மெஷின்ல படுக்க வெச்சு பாட்காஸ்ட் கேட்க வெச்சாங்க. எந்தப் பொருள் கொண்ட சொல்லுக்கு அவர் மூளை எப்படி அசையும்னு ஒரு மாதிரி தயார். அப்புறம் ஜி.பி.டி-ங்கிற மொழி ஏ.ஐ-யின் முதல் பதிப்பு "அடுத்து இந்தச் சொற்கள் வரலாம்"னு பல வாக்கியங்களை நீட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூளை எப்படி அசைஞ்சிருக்கணும்னு கணக்குப் போட்டு, உண்மையான ஸ்கேனோட அதிகம் ஒத்துப் போறதை வெச்சுக்கிட்டு மத்ததைக் கழிப்பாங்க.

அதனால வர்றது சொல் இல்லை, சாரம். "எனக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் இல்லை" என்று ஒலித்ததை இந்த டிகோடர் (ஸ்கேனைச் சொல்லா மாத்துற மென்பொருள்) "அவள் இன்னும் வண்டி ஓட்டக் கற்கவே தொடங்கவில்லை" என்று எழுதியது. 'நான்' 'அவள்' ஆயிடுச்சு பாருங்க. பிரதிப்பெயர், ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாத்துலயும் அது தடுமாறும். ஒருத்தருக்குப் பயிற்றுவிச்ச டிகோடரை இன்னொருத்தர் மேல போட்டா வெறும் உளறல். பங்கேற்றவங்க மனசுக்குள்ள ஏழு ஏழா எண்ணினாலோ, விலங்குகளின் பெயரை அடுக்கினாலோ, வேற கதை சொல்லிக்கிட்டாலோ டிகோடர் படுத்துடும். அதையும் அதே ஆய்வுல சோதிச்சுத்தான் வெளியிட்டாங்க.

#3 சந்தேகப்பிராணி

அரைக் கதை சொல்றீங்க சார். 16 மணி நேரம் வேணும்ங்கிற பாதுகாப்பு போயாச்சு. 2025-ல் அதே டாங்கும் ஹூத்தும் ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒருத்தர் டிகோடரை இன்னொருத்தருக்கு மாத்தினாங்க. சுமார் ஒரு மணி நேரம் போதும். அதுலயும் பேச்சே வேண்டாம், வசனமில்லாத குறும்படம் பார்த்தாலே போதும். இன்னும் ரெண்டு வருஷத்துல அஞ்சு நிமிஷம் போதும்னு வந்தா?

#4 காந்தக்குழாய்

ஒத்துக்கிறேன், "வேற ஆளுக்கு உதவாது" என்பதை 2023-ஓட நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனா என்ன குறைஞ்சதுன்னு பாருங்க. ரெண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கும்போது இவர் மூளையின் எந்தப் பகுதி அவருடைய எந்தப் பகுதியோட சேர்ந்து ஏறி இறங்குதுன்னு ஒரு பொருத்தம் போடுறாங்க. பயிற்சி நேரம்தான் இறங்குது. ரத்தம் மெதுவா வர்றது மாறலை, மெஷின் டன் கணக்கில் கனக்கிறது மாறலை, தலையை ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டினா அந்த ஸ்கேன் பதிவு குப்பைக்குப் போறதும் மாறலை. தலையசைவு அரை மில்லிமீட்டரைத் தாண்டின பிம்பங்களையே பல ஆய்வகங்கள் வெட்டி எறியும். மனசு வெச்சுப் படுக்காத ஆளிடம் எஃப்.எம்.ஆர்.ஐ எடுக்கிறது அழுற குழந்தைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற மாதிரி.

இன்னொண்ணு. ஸ்கேன்ல வண்ணப் புள்ளி தெரிஞ்சா அது 'எண்ணம்' ஆயிடாது. 2009-ல் கிரெய்க் பென்னெட் குழு செத்த சால்மன் மீனை மெஷின்ல வெச்சு, அதுக்கு மனிதர்கள் பழகுற காட்சிகளின் படங்களைக் 'காட்டி', மூளையில 'செயல்பாடு' கண்டுபிடிச்சாங்க. ஆயிரக்கணக்கான வோக்சல்களைத் தனித்தனியாச் சோதிச்சுட்டு, பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் போடலைன்னா தற்செயலா சிலது எரியத்தான் செய்யும். அதைக் காட்டத்தான் மீன்.

#5 நுண்வோல்ட்

தலைப்பட்டைக்கு வருவோம்.

பட்டை எடுப்பது ஈ.ஈ.ஜி, அதாவது தலைக்கு வெளியிலிருந்து எடுக்கிற மூளை மின்பதிவு. மூளையின் மேற்பரப்பு மின்சாரம் மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வரும்போது 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். ஒரு கண் சிமிட்டல் அதைவிடப் பெரிசு. பல்லைக் கடிச்சா முழுத் திரையும் தாடைத் தசைதான். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் தனி. மருத்துவமனையில தோலைத் தேய்ச்சு, ஜெல் வெச்சு, மின்முனையின் தடையை 5 முதல் 10 கிலோ ஓமுக்குள்ள கொண்டு வந்துட்டுத்தான் பதிவையே ஆரம்பிப்பாங்க. மியூஸ் மாதிரிப் பட்டையில உலர் மின்முனை, நெத்தியில ரெண்டு, காதுக்குப் பின்னால ரெண்டு. விநாடிக்கு 256 அளவீடு. ஆப் காட்டுற 'கவனம்' பாதி நேரம் நெத்தி சுருக்குறதைத்தான் அளக்குது. வேகமான காமா அலைன்னு விளம்பரம் பண்ணுறதுல தசைச் சத்தம் எவ்வளவுன்னு அந்தத் துறையிலேயே சண்டை உண்டு.

இதுல வாக்கியம் எதுவும் வராது. ஆனா கசியுறதுக்கு வாக்கியம் தேவையில்லை. ஒரு மாசப் பதிவு கையில இருந்தா, தூக்கம் எந்தக் கட்டத்துல உடையுது, பகல்ல எப்போ கண்ணயர்றார் எல்லாம் வரும். பென்சோடையாசிபின் வகை (பதற்றம், தூக்கத்துக்கான) மாத்திரை போட்டா பீட்டாங்கிற மூளை அலை கூடும், அதுவும் பதிவுல தெரியும். காப்பீட்டுக் கம்பெனிக்கு உங்க கனவு எதுக்கு? இது போதும்.

அடுத்து பி300-ங்கிற மூளை மின் சிக்னல். எதிர்பார்த்த அல்லது தெரிஞ்ச ஒண்ணு திடீர்னு கண்ணுல பட்டா, 300 மில்லிசெகண்டுக்குப் பக்கத்துல உச்சந்தலைக்குப் பின்பக்கம் ஒரு நேர்மின் மேடு வரும். ஒரு தடவை காட்டினா இரைச்சல்ல மூழ்கிடும், பல தடவை காட்டி சராசரி எடுத்தாத்தான் மேலே வரும். 2012-ல் மார்ட்டினோவிச் குழு இதை வெச்சு, கடையில கிடைக்கிற 14 மின்முனை எமோட்டிவ் கருவியில ஒரு தாக்குதல் செஞ்சு காட்டினாங்க. திரையில வங்கி அட்டைகள், எண்கள், மாதங்கள், முகங்கள் மாறி மாறி வரும், எதுக்கு மேடு எழும்புதுன்னு பார்ப்பது. கண்ணை மூடிக்கிட்டு ஊகிக்கிறதைவிட ரகசியத்தின் நிச்சயமின்மை சராசரியா 15 முதல் 40 சதவீதம் குறைஞ்சது. முழுசாத் திருடலை, ஆனா ஊகம் சுலபமாச்சு. பட்டையோட சேர்ந்து 'மூளைப் பயிற்சி கேம்' வந்தா, திரையில எந்தப் படம் எப்போ வரணும்னு முடிவு பண்ணுறது அந்த கேம்தான். கருவியைவிட கேம் மேலதான் எனக்கு சந்தேகம்.

#6 சந்தேகப்பிராணி

மெட்டா கம்பெனி தட்டச்சு செய்றதை மூளையிலிருந்தே எடுத்துட்டாங்களே? அதுக்குத் தலையில ஒண்ணும் பொருத்தலையே.

#7 நுண்வோல்ட்

அது எம்.ஈ.ஜி. மூளையின் காந்தப்புலத்தை அளப்பது, பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சின்னது. அதனால காந்தம் புகாத தனி அறை வேணும், கருவி அரை டன். 35 பேர், கீபோர்டில் நிஜமாவே தட்டுறாங்க. எழுத்துப் பிழை சராசரி 32 சதவீதம். அதே வேலையை ஈ.ஈ.ஜி-யில செஞ்சா 67. எண்ணத்தையல்ல, விரலுக்குப் போற கட்டளையைப் படிச்சாங்க. விரல் அசையலைன்னா அங்கே படிக்க ஒண்ணுமில்லை.

உள்ளே பொருத்துற சிப் வேற உலகம். அங்கேதான் உங்க பயத்துக்கு நியாயம் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல ஸ்டான்ஃபோர்ட் குழு, பக்கவாதத்தாலும் ஏ.எல்.எஸ்ங்கிற நரம்புத் தேய்வு நோயாலும் பேச்சு பாதிக்கப்பட்டவங்களின் இயக்கப் புறணியில (அசைவுக்குக் கட்டளை போடுற மூளைப் பகுதி) ஏற்கெனவே இருந்த நுண்மின்முனைகளை வெச்சு, வாயசைக்காம மனசுக்குள்ள சொன்ன சொற்களை எடுத்தாங்க. திரையில இருந்த வடிவங்களை மனசுல எண்ணச் சொன்னப்போ, சொல்லச் சொல்லாத எண்களும் சிக்னல்ல வந்தது. நினைச்சதெல்லாம் ஒலிபெருக்கியில போயிடக் கூடாதேன்னு அவங்களே ஒரு பூட்டு போட்டாங்க. ஒரு குறிப்பிட்ட அபூர்வச் சொற்றொடரை மனசுல சொன்னாத்தான் டிகோடர் திறக்கும். அதை அடையாளம் காணும் துல்லியம் 98 சதவீதத்துக்கு மேல. என்னைக் கேட்டா அந்த ஆய்வுல டிகோடரைவிட அந்தப் பூட்டுதான் முக்கியம்.

#8 பிரிவு20

"நமக்குத் தெரியாமல் படிக்க முடியுமா" என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. தொழில்நுட்பம் தயாராகும் முன்பே நீதிமன்றத்துக்குள் நுழைந்த கதை.

பியோஸ் என்றொரு ஈ.ஈ.ஜி சோதனை. பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய நரம்பியல் உளவியலாளர் சம்பாடி ராமன் முகுந்தன் உருவாக்கியது. சந்தேக நபர் தொப்பி மாட்டிக்கொண்டு கண்மூடி அமர்வார். "நான் ஆர்சனிக் வாங்கினேன்" என்பது போன்ற தன்மை வாக்கியங்கள் ஒலிக்கும். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. 'கேள்விப்பட்ட அறிவு' வேறு, 'அனுபவித்த நினைவு' வேறு என்று மென்பொருள் பிரித்துவிடும் என்பது உரிமைகோரல். 2008 ஜூனில் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்த அறிக்கையையும் ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் பின்னர் ஜாமீன் வழங்கியது. நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழுவே இத்தகைய சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அந்த ஆண்டிலேயே சொன்னது.

அதன் பிறகு 2010 மே 5, செல்வி எதிர் கர்நாடக அரசு. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு நார்கோ (மருந்து கொடுத்து விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை மின்பதிவு மூன்றையும் சம்மதமில்லாமல் நடத்துவது அரசமைப்பின் 20(3), 21 பிரிவுகளுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும் அது நீதித்துறை நடுவர் முன் பதிவாக வேண்டும், வழக்கறிஞர் அணுகல் வேண்டும். அப்போதும் சோதனை முடிவே சாட்சியம் ஆகாது. ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: விருப்பத்தோடு செய்த சோதனையின் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், பழைய சாட்சியச் சட்டம் 27-ம் பிரிவின் கீழ் அதை ஏற்கலாம். காவலில் இருப்பவரின் 'விருப்பம்' எவ்வளவு விருப்பம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

#9 நுண்வோல்ட்

பிரிவு20 சொன்னதுக்கு டெக்னிக்கல் பின்குறிப்பு. பி300 முறையிலாவது 'தெரிந்த பொருள்', 'சம்பந்தமில்லாத பொருள்'னு ரெண்டையும் கலந்து காட்டி ஒப்பிடுறாங்க. இதுல ஓடுறது முழு வாக்கியம். செய்தித்தாள்ல பத்து தடவை படிச்ச, போலீஸ் விசாரணையில நூறு தடவை கேட்ட வாக்கியம். பழக்கமான வாக்கியத்துக்கு மூளை அசையும்தானே? அதை 'அனுபவம்'னு பெயர் மாத்தினா ஆயிடுமா?

எஃப்.எம்.ஆர்.ஐ பொய் கண்டுபிடிப்பும் லேசா உடையும். 2011-ல் கானிஸ் குழு, தொடர்பில்லாத பொருள் திரையில வரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விரலை அசைக்கச் சொன்னாங்க. 100 சதவீதமா இருந்த துல்லியம் 33-க்கு விழுந்தது. அமெரிக்காவுல செம்ராவ்ங்கிறவர் மேல நடந்த மோசடி வழக்கில் எஃப்.எம்.ஆர்.ஐ அறிக்கையை 2010-ல் நீதிமன்றம் ஏற்கலை, 2012-ல் மேல்முறையீட்டிலும் நிற்கலை.

#10 கேள்விக்கொக்கி

இவ்வளவு தூரம் வந்துட்டோம், என் மூணாவது கேள்வியை மட்டும் யாரும் தொடலை. எம்.ஆர்.ஐ சிடி?

#11 பேழை

உண்மையில அதைத்தான் முதல்ல எடுத்திருக்கணும். எண்ணம் வராத அந்த சிடியில உங்க முகம் இருக்கு.

தலை எம்.ஆர்.ஐ மூளையோட நிக்காது. மூக்கு, உதடு, காது எல்லாம் சேர்த்துத்தான் எடுக்கும். 1 மில்லிமீட்டர் கனத்துல முப்பரிமாணமா எடுத்த ஸ்கேனா இருந்தா, இலவச வியூவர்லயே மேற்பரப்பு ரெண்டரிங் போட்டா மொட்டைத் தலையோட ஆள் எழும்பி வருவார். 2019-ல் மேயோ கிளினிக் குழு 84 தன்னார்வலர்களின் ஸ்கேன் முகங்களை அவங்க போட்டோக்களோட, கடையில கிடைக்கிற முக அடையாள மென்பொருள் வெச்சு ஒப்பிட்டாங்க. 70 பேருக்கு முதல் தேர்வே சரி. நம்ம ஊர் சாதாரண ஸ்கேன் பலதும் 5 மில்லிமீட்டர் துண்டுகள். அதுல முகம் படிக்கட்டு மாதிரி வரும், ஆபத்து குறைவு. வலிப்பு, கட்டி சந்தேகத்துக்கு எடுக்கிற முப்பரிமாண டி1, ஃப்ளேர் வரிசைகள்லதான் (எம்.ஆர்.ஐ பட வகைகள்) முகம் தெளிவா இருக்கும்.

பெயர் எங்கெங்கே ஒட்டியிருக்கும்னா, டைகாம் கோப்பின் (மருத்துவ ஸ்கேன் படங்களின் வடிவம்) தலைப்பகுதியில (0010,0010) பெயர், (0010,0030) பிறந்த தேதி, (0008,0080) நிறுவனம், (0008,0020) எடுத்த தேதி. இதுபோக மெஷின் கம்பெனிகள் தங்களுக்குன்னு வெச்சுக்கிற தனி டேக்குகள், அதுல என்ன இருக்கும்னு அவங்களுக்கே வெளிச்சம். வாட்ஸ்ஆப்ல அனுப்புற ஃபிலிம் போட்டோவில மூலையில பெயர், வயசு, ஐடி எல்லாம் படத்துக்குள்ளேயே எரிக்கப்பட்டிருக்கும். டேக்கை அழிச்சாலும் அது போகாது, கட்டம் போட்டு மறைச்சாத்தான் உண்டு.

ஆராய்ச்சிக்கோ ஏ.ஐ பயிற்சிக்கோ கொடுக்கிறதா இருந்தா வரிசை இது. டைகாமை டிசிஎம்2நிக்ஸ்ங்கிற மென்பொருள் வெச்சு நிஃப்டிங்கிற ஆராய்ச்சிக் கோப்பு வடிவத்துக்கு மாத்துங்க, பெயர் நீக்கும் ஆப்ஷனை இயக்கியே. கூட வர்ற ஜேசன் (ஸ்கேன் விவரக் குறிப்பு) கோப்பை டெக்ஸ்ட் எடிட்டர்ல கண்ணால பாருங்க. நிறுவனப் பெயரும் மெஷின் வரிசை எண்ணும் அங்கே தங்கியிருக்கலாம். அப்புறம் பைடிஃபேஸ் அல்லது எம்ஆர்ஐ-ரீஃபேஸ்ங்கிற மென்பொருள் வெச்சு முகத்தை எடுங்க. பைடிஃபேஸுக்கு எஃப்.எஸ்.எல்ங்கிற மூளைப்பட மென்பொருள் தொகுப்பு முதல்ல நிறுவியிருக்கணும், பாதிப் பேருக்கு ஓடாததுக்கு அதுதான் காரணம். கோப்புப் பெயர்லயே நோயாளி பெயர் இருக்கிறதை எல்லாரும் மறப்பாங்க.

#12 காந்தக்குழாய்

முகத்தை எடுத்தாப் போதும்ங்கிற தொனி எனக்குச் சரியாப் படலை, பேழை. மூளையே கைரேகைதான். 2015-ல் எமிலி ஃபின் குழு 126 பேரின் எஃப்.எம்.ஆர்.ஐ-யை எடுத்து, மூளைப் பகுதிகள் ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேர்ந்து அசையுதுங்கிற வரைபடத்தை வெச்சு, முதல் நாள் ஸ்கேனை ரெண்டாம் நாள் ஸ்கேனோட பொருத்தினாங்க. ரெண்டுமே சும்மா படுத்திருந்த ஸ்கேனா இருந்தா 90 சதவீதத்துக்கு மேல சரி. முகம் அதுல கிடையவே கிடையாது.

#13 பேழை

மறுக்கலை. ஆனா அந்தப் பொருத்தத்துக்கு ஒப்பிட இன்னொரு ஸ்கேன், பெயரோட, எதிராளி கையில இருக்கணும். முகத்துக்கு ஒப்பிட ஃபேஸ்புக் போதும். எதை முதல்ல அடைக்கணும்ங்கிறதுல என் வரிசை அதனாலதான். பெரிய மருத்துவமனைச் சங்கிலியும் ஆராய்ச்சி வங்கியும் ஒரே ஆளின் ஸ்கேனை வெச்சிருந்தா உங்க கவலை செல்லும்.

#14 பிரிவு20

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'நுண்ணுணர்வுத் தரவு' என்ற தனி வகையே இல்லை. மூளை அலையும் மின்னஞ்சல் முகவரியும் ஒரே தராசில். சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் (பிரிவு 6) அழிக்கக் கோரும் உரிமையும் (பிரிவு 12) உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும்.

சிலி 2021-லேயே அரசமைப்பில் மூளைச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு சேர்த்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கீதோ ஹிரார்தி தொடுத்த வழக்கில், எமோட்டிவ் நிறுவனம் வைத்திருந்த அவரது மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. கட்டணம் செலுத்தாத கணக்கு என்பதால் தன் பதிவுகளை அவராலேயே பதிவிறக்க முடியவில்லை, ஆனால் நிறுவனத்தின் மேகக்கணியில் அவை கிடந்தன. அமெரிக்காவில் கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024-ல் நரம்புத் தரவைத் தங்கள் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

#15 கேள்விக்கொக்கி

அப்போ பட்டை வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்குறது?

#16 நுண்வோல்ட்

போனை ஏர்பிளேன் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திறந்தா ஆப் வேலை செய்யுதா? செய்யலைன்னா கணக்கீடு அவங்க சர்வர்ல நடக்குதுன்னு வெச்சுக்கலாம். மூலப் பதிவை நீங்களே ஏற்றுமதி செய்ய முடியுதா, இல்லை 'உங்க அமைதி 72'ன்னு மதிப்பெண் மட்டுமா? கணக்கை மூடினா பதிவும் அழியுமா, இல்லை 'பெயர் நீக்கி வைத்திருப்போம்'னு இருக்கா? 2024-ல் மூளைத் தரவு உரிமைக்கான நியூரோரைட்ஸ் ஃபவுண்டேஷன் 30 கம்பெனிகளின் கொள்கையைப் படிச்சதுல 29 பேர் தரவை எடுத்துக்கப் பெரிய தடை எதுவும் வெச்சுக்கலை.

கொள்கை வாசகத்தை நம்ப முடியலைன்னா ட்ராஃபிக்கைப் பாருங்க. நாலு சேனல், 256 அளவீடு, 12 பிட்: விநாடிக்கு ஒன்றரை கிலோபைட், 20 நிமிஷத்துக்கு 1.8 மெகாபைட் போல. அமர்வு முடிஞ்சதும் ஆப் அந்த அளவுக்கு டேட்டா மேலேத்தினா மூலப் பதிவே போகுதுன்னு சந்தேகப்படலாம். சில கிலோபைட்னா மதிப்பெண் மட்டும். சுருக்கி அனுப்பினா இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

கொஞ்சம் கைவேலை தெரிஞ்சா ஓபன்பிசிஐ சைட்டன்ங்கிற ஈ.ஈ.ஜி போர்டு: 8 சேனல், 250 ஹெர்ட்ஸ், 24 பிட், கணக்கே திறக்க வேண்டாம், பதிவு உங்க கம்ப்யூட்டர்லயே. ப்ரெய்ன்ஃப்ளோ நிரல்தொகுப்புல மியூஸும் ஓடும். லேப்டாப் சார்ஜர்ல இல்லாம பேட்டரியில ஓட்டுங்க, பாதி 50 ஹெர்ட்ஸ் அங்கேயே போயிடும்.

#17 சந்தேகப்பிராணி

பேழை, பைடிஃபேஸ் ஓட்டின பிறகும் ஆளைத் தெரியுதுன்னு சொல்றாங்களே?

#18 பேழை

பெரும்பாலும் மூணு காரணம். ஒண்ணு, டி1-க்கு மட்டும் ஓட்டிட்டு, அதே ஆளின் ஃப்ளேரையும் டி2-வையும் அப்படியே விட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனியா ஓட்டணும், அல்லது டி1-ல் செஞ்ச மாஸ்க்கை (எந்தப் பகுதியை வெட்டணும்ங்கிற அச்சு) பொருத்தி வெட்டணும். ரெண்டு, தலை சாய்ஞ்சு படுத்த ஸ்கேன்ல மாஸ்க் நகர்ந்து மூக்கு தப்பிச்சுடும், சில சமயம் நெற்றிப்புறணி வெட்டுப்படும். மூணு, காது மிச்சம். முகத்தை மட்டும் எடுக்கிற கருவிகள் காதை விட்டுடும். ஒவ்வொரு கோப்பையும் ரெண்டரிங் போட்டு முன்னிருந்தும் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்க. 200 கோப்புன்னாலும் ஒரு மாலையில முடியும். பார்த்ததும் மூல டைகாம் ஃபோல்டர் அதே ட்ரைவ்ல பகிர்வுல கிடக்கான்னும் பாருங்க, அங்கேதான் அதிகம் மாட்டுவாங்க.